கிளிகளைப் பார்த்துக்கொண்டவள்

பக்கத்து வீட்டுச் செல்லசாமி வந்து அருகில் உட்கார்ந்தபோது நாகலெட்சுமி மகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துவாயிலிருந்து கடல் மணல் உதிர்ந்தது.

மஸ்கெலியாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் லயத்து வரிசை வீடுகளின் சனம் முழுவதும் இருந்தது. வாங்குப் பலகைகளை ஓரமாக அடுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். வெளியே மழை இன்னும் விட்டபாடில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. கடற்கரைக்குத் தகவல் வந்து வண்டியைத் திருப்பியதிலிருந்தே வரவில்லை. வீடு இருந்த இடத்தைக் காட்டினார்கள். சிவப்பு மண்ணும் மடங்கிய தகரமும் கிடந்தன. பார்த்தாள். அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்பதுபோல நின்றாள்.

"நல்ல காலம், நீங்க ஊர்ல இல்ல" என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். எல்லோருக்கும் தலையாட்டினாள்.

ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதப் பொசன் லீவுக்கு அவர்கள் நிலாவெளிக்குப் போவார்கள். மலையில் மழை கொட்டித் தீர்க்கும் அந்த மாதத்தில் அங்கே கடல் குளம்போலக் கிடக்கும். புருஷன் ஜீவராஜ் வாடகை வான் ஓட்டுகிறவன். அந்த லீவுக்கு மட்டும் வான் குடும்பத்துக்கு. நீச்சல் தெரியாமலே அவன் ஆழத்துக்குப் போய் மகளைக் கத்தவைப்பான். நாகலெட்சுமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று சிரிப்பாள். லயத்தில் அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

கிளிகள் வந்த பிறகுதான் கிளம்புவது பெரும்பாடாகிப்போனது.

காற்றில் முறிந்த மரத்தின் பொந்திலிருந்து, கண் திறக்காத குஞ்சுகளாக ஜீவராஜ் எடுத்துவந்த கிளிகள். கஞ்சி ஊட்டி வளர்த்தாள். அரிசி டின் மேல் ஒன்று, அவன் தோளில் ஒன்று என்று வீடெல்லாம் திரியும். விடிந்தால் அவற்றில் ஒன்றான மிட்டு, "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று கத்தும். வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகிறவர்கள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே ஏறிப் போவார்கள்.

இந்த முறை சாவியை வாங்கிக்கொண்டவள் லயத்தில் அடுத்த காம்பரா வீட்டில் இருந்த ராக்காயி, செல்லசாமியின் மனைவி. கிளிகளைக் கூண்டில் விட்டு, அவை அலகால் திறந்துவிடாதபடி கதவைக் கம்பியால் முறுக்கி, அவளிடம் காட்டிவிட்டுத்தான் நாகலெட்சுமி வானில் ஏறினாள்.

லயத்துக்கு மேலே மேட்டில் வெடிப்பு கண்ட அன்று, பின்னேரமே எல்லோரும் லயத்தை விட்டு இங்கே வந்துவிட்டார்கள். ராக்காயியும் வந்தாள். செல்லசாமி கொழும்பில் கடை வேலையில் இருந்தார். இருட்டுவதற்கு முன்பே மண் இறங்கியது. ஒருத்தியைத் தவிர எல்லோரும் தப்பினார்கள்.

ராக்காயியின் உடலைக் கீழே ஓடைக்கரையில்தான் எடுத்தார்கள். இன்று காலையில் அடக்கம் முடிந்தது.

கிளிகள் இரண்டும் பள்ளிக்கூடத்துக் கூரை விளிம்பில் நனைந்துகொண்டிருந்தன. பறவைகளுக்கு முன்கூட்டியே தெரியும், எப்படியோ பறந்து தப்பிவிட்டன என்று சனம் பேசிக்கொண்டது. நாகலெட்சுமி அந்தக் கம்பியை நினைத்தாள். கையால் பிரித்தால் ஒழிய அது அவிழாது.

செல்லசாமி தரையைப் பார்த்தபடி பேசினார்.

"எல்லாரோடயும் இங்கதான் உக்காந்து தேத்தண்ணி குடிச்சாளாம். பொறகு எதுக்கு எந்திரிச்சுத் திரும்பிப் போனான்னுதான் யாருக்கும் தெரியல தங்கச்சி."

நாகலெட்சுமி மகளை எழுப்பி அப்பாவிடம் போகச் சொன்னாள். துவாயை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான்தாண்ணே அன்னிக்கு அவங்களுக்குப் போன் கோல் எடுத்தேன். கிளிக்குச் சாப்பாடு வச்சீங்களாக்கான்னு கேட்டேன். லயத்த விட்டு வந்துட்டோம்னு அவங்க சொல்லவே இல்ல. இந்தா வைக்கப் போறேன்னாங்க."

தன் குரல் யாரோ பேசுவதுபோல அவளுக்கே கேட்டது. அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். கையை ஓங்கினாலும் அசையாமல் இருந்திருப்பாள்.

அவர் போகவில்லை. அன்றைக்கு ராக்காயி அவருக்குப் போனில் பேசியிருக்கவில்லை.

"வேற என்ன சொன்னா?"

"கடல் சத்தம் கேக்கணும்னாங்க. அலை பெருசா இல்லண்ணே. குனிஞ்சு போனைத் தண்ணிக்குக் கிட்ட புடிச்சேன்."

செல்லசாமி முதல் தடவையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"கேட்டுச்சாமா அவளுக்கு?"