வில்லன் விமானம்

"நம்ம நாட்டு விமானத்தைக் கொண்டுபோய் ஒரு வில்லன் கையில குடுத்திருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் கொஞ்சமாவது நாட்டுப்பற்று இருக்கா?"

பாதுகாப்புத் துறையிலிருந்து வந்திருந்த அதிகாரி மேசையை ஓங்கித் தட்டினார். தட்டிய வேகத்தில் காபிக் கோப்பை சாய்ந்து அவர் கால்சட்டையிலேயே கொட்டியது. அந்த வீடியோ கேம் கம்பெனியை நடத்துபவள், சிரிப்பை விழுங்கிக்கொண்டு துடைக்கக் காகிதம் நீட்டினாள்.

"சார், அது நம்ம நாட்டு விமானம் இல்ல. எங்க கேம்ல வர்ற 'வௌவால்'. ரேடாருக்குத் தப்புற விமானம் எல்லாமே ஒரே ஜாடையிலதான் இருக்கும்."

"யாருகிட்ட கதை விடறீங்க? அதே மூக்கு, அதே வால், அதே சப்பை இறக்கை!"

அவள் என்னத்தைச் சொல்வாள்? அரசாங்கத்தின் புது விமானத்தின் படத்தை ஊர்ச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருந்தார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் "வௌவால் மாதிரியே இருக்கே" என்றுதான் சொன்னார்கள். அவளும் கேட்டுச் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

வௌவால்தான் அவள் கேம் தொடரின் உயிர். ஒவ்வொரு பாகத்திலும் கடைசிக் கட்டத்தில், சத்தமில்லாமல் மேகத்துக்குள்ளிருந்து வரும். கதாநாயகனின் கூட்டாளிகளில் பாதிப் பேரைக் காலி பண்ணும். ஆடுகிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு அதைச் சுட்டு வீழ்த்த வேண்டும். அந்த ஒரு சண்டைக்காகவே வரிசையில் நின்று வாங்குகிற கூட்டம் இருந்தது.

"இதோ பாருங்கம்மா. நான் ஒரு கையெழுத்துப் போட்டா, உங்க புதுப் பாகம் இந்த நாட்டுல ஒரு கடையிலயும் விக்காது. புரியுதா?"

புரியாமல் என்ன? இந்தப் பாகத்துக்காக ஆபீஸே வீடு வாசல் மறந்து உழைத்திருந்தது. அடுத்த மாதம் வெளியீடு. இப்போது தடை விழுந்தால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். அத்தனை பேரும் நடுத்தெருவில் நிற்பார்கள். ஒரு விளையாட்டை விளையாட்டாகப் பார்க்கத் தெரியாத இந்த ஆளின் கையில் தன் பிழைப்பு மாட்டிக்கொண்டதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"சரி சார். என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

"வௌவாலை ஹீரோதான் ஓட்டணும். அதை யாராலயும் சுட முடியக் கூடாது."

"சுடவே முடியாட்டி அப்புறம் அதுல என்ன சார் விளையாட்டு இருக்கு?"

"அது உங்க பாடு."

மூலையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த அவளுடைய தம்பிக்குப் பொறுக்கவில்லை. வௌவாலை வரைந்தவனே அவன்தான்.

"சுட்டா குண்டெல்லாம் பூவா மாறி விமானத்து மேல கொட்டுற மாதிரி வெச்சிடலாமா சார்?" என்றான்.

அக்கா அவனை முறைத்தாள். அதிகாரியோ தாடையைத் தடவி யோசித்தார்.

"ம்... அது நல்லாத்தான் இருக்கும்."

நாட்டைக் காப்பாற்றுகிற லட்சணம் இதுதானா! அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்ப வில்லனுக்கு?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஹெலிகாப்டர் ஏதாவது குடுங்க. போதும் அவனுக்கு."

"அக்கா, இதுக்கு நாம கேமையே வெளியிடாம இருக்கலாம்" என்றான் தம்பி.

"நீ சும்மா இருடா. ஆகட்டும் சார், நீங்க சொன்னபடியே மாத்திடறோம்." இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த வில்லனைத் தன் வாயாலேயே கொன்றுவிட்டாள்.

வந்த வேலை முடிந்துவிட்டது. ஆனால், அதிகாரி கிளம்பவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் குரலில் இருந்த மிடுக்கெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"மேடம், நான் கொஞ்சம் வேகமாப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. வில்லன் வில்லனாவே இருக்கட்டும். தடையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நிஜமாவா சார்?"

"சத்தியமா. அதுக்குப் பதிலா ஒரு சின்ன உதவி. அந்த வௌவாலோட உள்பக்கத்தைக் கொஞ்சம் காட்டறீங்களா? எங்க ரகசியம் எதுவும் வெளியில போயிடலையேன்னு பார்க்கணும். கடமைதானே?"

இவ்வளவுதானா? அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "டேய், சாருக்குக் காட்டுடா" என்றாள். தம்பி திரையில் வௌவாலை வரவழைத்து, மேல் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினான்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையோடு ஒட்டிக்கொண்டார். "திருப்புங்க தம்பி... அடிப்பக்கம்... இன்னும் உள்ள போங்க." நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"இதுல பெட்ரோல் டாங்க் எங்க இருக்கு?"

"டாங்கா? கேம்ல பெட்ரோல் தீரவே தீராதே சார். அதனால டாங்க்கே வரையல."

"வரையவே இல்லையா?"

அதிகாரி அப்படியே நாற்காலியில் சரிந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அடப்பாவி தம்பி, உங்க போன பாகத்தைப் பார்த்துத்தானேடா நாங்க அச்சு அசலா அந்த விமானத்தைக் கட்டி முடிச்சிருக்கோம்... நாளன்னிக்கு மந்திரி வேற அதுல ஏறிப் பறக்கப்போறாரே!"