தொட்டியிலிருந்து கடலுக்கு

மொட்டைமாடியில் ஒரு சிமென்ட் தொட்டி வைத்தார்கள். அடியில் ஒரு குட்டி மோட்டார், அதைச் சுற்றி அடுக்கிய கற்கள், உச்சியில் ஒரு தட்டைக் கல். தண்ணீர் நிரப்பி, ஒரு மீனையும் விட்டார்கள். அருவி வரப்போகிறது என்று கேட்டதும் தண்ணீருக்குத் தலைகால் புரியவில்லை.

“அருவி ஆறாகும், ஆறு கடலுக்குப் போகும். அப்போ நான் போறேன்” என்றது மீனிடம்.

“போறேன்னு சொல்லாதே. போயிட்டு வரேன்னு சொல்லு” என்றது மீன்.

“கடலுக்குப் போறவன் எதுக்குத் திரும்பி வரணும்?”

ஸ்விட்சைப் போட்டார்கள். தண்ணீர் குழாய்க்குள் பாய்ந்து ஏறி, உச்சிக் கல்லிலிருந்து குதித்தது. நுரை பொங்கியது.

“கடல் வந்தாச்சு. ஆனா உப்பே இல்லையே” என்றது.

“இது நம்ம தொட்டிதான்” என்றது மீன்.

தண்ணீர் நம்பவில்லை. மறுபடி ஏறியது, மறுபடி குதித்தது, மறுபடியும் மீனின் முதுகிலேயே விழுந்தது. பத்தாவது முறை அதற்கு வெட்கமாகிவிட்டது.

“எதுக்கு இந்தச் சுத்தல்? கரண்ட் போனாத் தேவலை” என்று முனகியது.

மதியம் கரண்ட் போனது. வெயிலில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது.

“என்ன ஆச்சு உனக்கு?”

“மூச்சு முட்டுது. நீ குதிச்சாத்தான் காத்து உள்ளே வருது.”

தண்ணீர் பதறிப்போய் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவழியாக அது உறுமியது. தண்ணீர் முண்டியடித்துக்கொண்டு குழாய்க்குள் நுழைந்தது. நுழையும்போதே மீனைத் திரும்பிப் பார்த்தது.

“போயிட்டு வரேன்.”