பாஸ்டருக்குப் பொன்னாடை

பாஸ்டர் சுந்தரராஜுக்குப் பொன்னாடை போர்த்தியபோது ஃப்ளோரா விசும்பி விசும்பி அழுதாள். மாரிகுப்பம் சர்ச்சில் அன்று மாலை கண்ணைத் துடைக்காத ஆளே இல்லை.

அத்தனையும் நடிப்பு. இந்த மனிதர் எப்போது தொலைவார் என்று காத்துக் கிடந்தவர்கள்தான் எல்லோரும். அதிலும் ஃப்ளோராவுக்குத்தான் அவசரம் அதிகம்.

அவள் மகள் லவினா தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, எல்லோரும் வாசலில் பாஸ்டரின் கையைக் குலுக்கி, அருமையான செய்தி என்று வழிந்துகொண்டு போனார்கள். லவினா மட்டும், இதே பிரசங்கத்தை யூடியூபில் வேறொருவர் பேசிக் கேட்டிருக்கிறேனே என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து பாஸ்டர் அவளுடைய கல்யாண ஓலையை வாசிக்க மறுத்தார். மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசித்து அறிவிக்காமல் அங்கே கல்யாணம் நடக்காது. மாப்பிள்ளை வீட்டாரோ, இந்த மாதமும் வாசிக்காவிட்டால் வேறு பெண் பார்ப்போம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

பிஷப்பிடம் போய் இவரை மாற்றச் சொல்லலாம் என்று சபையே கூடி முடிவெடுத்தது. கிளம்புகிற நாளில் ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்கு ஷிப்ட், செயலாளர் டென்னிஸுக்கு மச்சான் வீட்டில் விசேஷம். ஃப்ளோராவின் அண்ணன் கொர்னேலியஸ் மட்டும் தனியாகப் போய், நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு வந்தார். மாற்றல் உத்தரவும் வந்தது. புது பாஸ்டர் வந்ததும் முதல் வேலை லவினாவின் ஓலைதான் என்று ஃப்ளோரா கணக்குப் போட்டிருந்தாள்.

வழியனுப்பு விழாவுக்கெல்லாம் பிஷப் வருகிற வழக்கமே கிடையாது. இந்த முறை அவரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் மனம்விட்டுப் பேசுங்கள் என்றார். இந்த ஜனங்களுக்கு அது போதாதா?

டென்னிஸ் மைக்கைப் பிடித்து, இப்படி ஒரு மேய்ப்பர் இனி எங்களுக்குக் கிடைப்பாரா என்று கேட்டான். பாடகர் குழு லாய்ட், ஐயாவின் பிரசங்கம் இல்லாத ஞாயிறை நினைத்தே பார்க்க முடியவில்லை என்று கண்ணைக் கசக்கினான். பிரசங்கம் தொடங்கியதும் டீக்கடைக்கு நழுவுகிறவன் இவன். தூ, இதற்கெல்லாம் ஒரு பிழைப்பு.

பிஷப் கொர்னேலியஸைப் பார்த்து, நீங்கள் ஒன்றும் பேசவில்லையா என்று கேட்டார். அவர் எழுந்தார். ஃப்ளோரா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"இன்னாண்ணா நீ, அதான் போறாரே. நாலு நல்ல வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சிடும்? சொல்ல மாட்டேன்னா வாய மூடிகினு இரு."

அதோடு விடாமல் அவளே மைக்குக்குப் போனாள். என் மகளுக்கு ஐயா தகப்பன் மாதிரி இருந்தார் என்றாள். ஐயா இல்லாமல் எங்கள் வீட்டில் இனி எந்த நல்ல காரியம் நடக்கும் என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். லவினா எழுந்து வெளியே போய்விட்டாள்.

கடைசியாக பிஷப் எழுந்தார். உங்கள் மனதை நேரில் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன், தெரிந்துகொண்டேன் என்றார். டென்னிஸ் பலமாகக் கைதட்டினான். ஃப்ளோரா இன்னும் அழுதுகொண்டிருந்தாள், பிஷப் பார்க்கிறார் என்பதால் கொஞ்சம் சத்தமாகவே.

பிஷப் அவள் பக்கம் திரும்பினார்.

"அழாதீங்கம்மா, உங்க ஐயாவ இங்கயே விட்டுட்டுப் போறேன்."