இரக்கம் வேண்டாம்

முட்டி அறுவைசிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்து, அன்றுதான் அவள் மறுபடி கால்பந்து ஆட இறங்கியிருந்தாள்.

பந்தோடு இரண்டு முறை பாய்ந்தாள். இரண்டு முறையும் எதிரணியின் தடுப்பாட்டக்காரி கிட்டே வந்து, கடைசி நொடியில் ஒதுங்கிக்கொண்டாள். அதில் ஒரு கோலும் போட்டாள். ஆனாலும் ஆத்திரத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

"நொண்டின்னு பாவம் பாத்து வழி விடுறா, அக்கா!" என்று இடைவேளையில் பயிற்சியாளரிடம் பொருமினாள்.

"கோல் விழுந்துச்சுல்ல? பேசாம உக்காந்து தண்ணியைக் குடி."

உட்கார முடியவில்லை. நேரே எதிரணியின் பெஞ்சுக்குப் போய் நின்றாள்.

"உன் இரக்கம் எனக்கு வேண்டாம். ஒழுங்கா மோது!"

தடுப்பாட்டக்காரி திருதிருவென்று விழித்தாள். பிறகு, முட்டியை மூடி இழுத்துவிட்டிருந்த காலுறையைக் கீழே தள்ளினாள். முட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு.

"இரக்கமா? எனக்கும் ஆபரேஷனுக்கு அப்புறம் இதுதான் முதல் ஆட்டம். பயத்துல ஒதுங்கினேன். நீயும்தானே என்னை உரசாம சுத்திச் சுத்திப் போன? நீதான் எனக்குப் பாவம் பாக்குறேன்னு நான் கடுப்புல இருந்தேன்!"



இடைவேளைக்குப் பின் வந்த முதல் பந்துக்கே இருவரும் பாய்ந்தார்கள். மோதி உருண்டார்கள். விழுந்த வேகத்தில் முட்டியை மறந்து, பந்து எந்தப் பக்கம் ஓடிற்று என்று தேடினார்கள்.