பின்சக்கரச் சத்தம்

“நாலு மாசம், பதினோரு நாள்,” என்றார் ஷவ்கி. “அத்தனை நாள் சும்மா நின்ன வண்டி, உஸ்தா. என்னென்ன சத்தம் வரும்னு சொல்லவா?”

சொல்லுங்கள் ஹாஜி என்றார் மெக்கானிக் ரகப். வெள்ளிக்கிழமைக் காலையில் அவருக்கு அவசரம் ஒன்றுமில்லை.

சுவரோரம் நின்ற காரின் மேல் கிடந்த உறையை உருவினார்கள். ஷவ்கி விரல்விட்டு எண்ணினார். பேட்டரி செத்திருக்கும், சாவியைத் திருகினால் இருமல்தான் வரும். தரையில் பட்ட பக்கம் டயர் தட்டையாகியிருக்கும், உருட்டினால் தொம் தொம் என்று அடிக்கும். பிரேக்கில் துரு உரசும். அலெக்ஸாந்திரியாவின் உப்புக்காற்று யாரையும் விட்டுவைத்ததில்லை.

இதய ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கீழே இறங்கியது அன்றுதான். வீடு நாலாவது மாடி. லிஃப்ட் ஓடாது. கார் நிற்கும் பக்கத்துச் சந்து பால்கனியிலிருந்து தெரியாது. மனைவி இன்சாஃப் செவ்வாயும் சனியும் மந்தராவில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போவாள். திரும்பி வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி காரைப் பற்றித்தான். உறை போட்டது போட்டபடி இருக்கிறது என்பாள்.

இனி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குவைத்திலிருந்து மகன் ஹாதிம் போனில் சொன்னது இன்னும் சுருக்கம். “அப்பா ஓட்டக் கூடாது, அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. அப்புறம் வண்டி யாருக்கு?”

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஒருவர் காரை வாங்க வருகிறார். முப்பது வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவரும் இன்சாஃபும் அபூகீருக்குப் போய்க் கடற்கரையில் பொரித்த மீன் சாப்பிட்டு வருவார்கள். நாலு மாதமாக நின்றிருந்த அந்தப் பழக்கம் இன்றோடு போயிற்று. விற்பதற்கு முன் ரகப் ஒரு முறை பார்த்துவிடட்டும் என்று மட்டும் இன்சாஃப் சொல்லியிருந்தாள். இப்போது பின்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஷவ்கி முன்சீட்டில் ஏறிக்கொள்ள, ரகப் சாவியைத் திருகினார். முதல் திருகலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. பேட்டரிக்குக் கொடுக்கக் கொண்டுவந்த ஒயர்களை அவர் கொஞ்சம் ஏமாற்றத்தோடு பார்த்தார்.

கியர் போட்டார். கார் நகரவில்லை. பின்பக்கம் பதுங்கியது. அடியிலிருந்து ஒரு முனகல்.

ஷவ்கி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கியர்பாக்ஸ் என்றார். இல்லை, ஆக்ஸில் என்றார் ரகப். இரண்டு பேரும் சந்தோஷமாக வாதாடினார்கள். கியர்பாக்ஸ் போயிருந்தால் வருகிறவர் திரும்பிப் போய்விடுவார் என்று ஷவ்கிக்கு ஒரு நிமிடம் ஆசையாகக்கூட இருந்தது.

தற்செயலாக ரகப்பின் கை சீட்டுக்கு நடுவே பட்டது. குனிந்து பார்த்தார்.

“ஹாஜி, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கு.”

“என் வண்டியிலயா?”

அந்தத் தெருவில் கார்கள் இரண்டு வரிசையாக நிற்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர் வெளியே நிற்பதைக் கையால் தள்ளிவிட்டுத் தன் காரை எடுப்பார். அதனால் ஹேண்ட்பிரேக்கை யாரும் தொடுவதில்லை, புறப்படும்போது பார்ப்பதும் இல்லை. புதிதாகக் குடிவந்த பல் டாக்டர் வெளிவரிசையில் நிறுத்தி ஒரு தடவை போட்டுவிட்டுப் போனார். மறுநாள் நாலு டயரிலும் காற்று இல்லை.

ரகப் அதை இறக்கிவிட்டுக் காரை முன்னும் பின்னுமாக அசைத்தார். டக் என்று ஒரு சத்தம், கதவை உடைத்தது மாதிரி. சுவர்மேல் இருந்த பூனை குதித்து ஓடியது. இருபது அடி தூரம் துரு உரசியது. பிறகு அதுவும் நின்றது. டயர் தொம் தொம் என்று அடிக்கவே இல்லை. ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தார்கள்.

வண்டிக்கு ஒரு நோயும் இல்லை என்றார் ரகப். போன பத்து நாள் மழையில் ஹேண்ட்பிரேக் போட்டபடி நின்றதால் பின்சக்கரப் பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தது. சத்தம் அதுதான். ஆனால் இது நாலு மாதம் நின்ற வண்டி இல்லை. அப்படி நின்றிருந்தால் பேட்டரியும் டயரும் இந்த நிலையில் இருக்காது.

“யாரோ ஓட்டியிருக்காங்க ஹாஜி.”

ஷவ்கியின் முகம் சிவந்தது. வாட்ச்மேனாக இருக்கும் என்றார். இல்லை என்று ரகப் தலையை ஆட்டினார்.

“இந்தத் தெருக்காரன் செத்தாலும் அதைப் போட மாட்டான். வெளியூர்த் திருடனா இருந்தா உறையைப் போர்த்திட்டா போவான்? இது டிரைவிங் ஸ்கூல்ல புதுசா கத்துக்கிட்டவங்க வேலை.”

ஷவ்கி பின்பக்கம் திரும்பினார். “ஏம்மா, வாரம் ரெண்டு தடவை இந்தப் பக்கமாத்தானே போற. யாரும் உன் கண்ணுல படலையா?”

இன்சாஃப் கைப்பையைத் திறந்தாள். புகைப்படம் ஒட்டிய சின்ன அட்டை ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“நிறுத்தினதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்கலைன்னு ரெண்டு தடவை ஃபெயிலாக்கிட்டாங்க. மூணாவது தடவைதான் கொடுத்தாங்க. அபூகீருக்குப் போலாமா, இல்ல வர்றவர்கிட்ட சாவியைக் கொடுத்துடட்டுமா?”