மூன்று குடம்
கரண்ட் போனால் புனிதாவின் ஆக்சிஜன் மெஷின் நின்றுவிடும். அதனால் அவள் கணவன் மணிமாறன், திண்டிவனம் வீட்டுப் பின்புறத்தில் ஜெனரேட்டர் வைக்கக் கம்பி கட்டிக் கான்கிரீட் மேடை போட்டான்.

"மேடை மேல பாத்தி கட்டி ஏழு நாள் தண்ணி தேக்கி வைங்கண்ணே. காய வுட்டீங்கன்னா வெடிச்சிரும்," என்றார் மேஸ்திரி.

தினமும் காலையில் மூன்று குடம் ஊற்றினான். மதியத்துக்குள் மேடை உலர்ந்துவிடும். எங்கும் ஒழுகவில்லை.

நான்காம் நாள் புனிதாவுக்கு மூச்சு முட்டியது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நெஞ்சிலிருந்து நீர் எடுத்து அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நீரைப் பிடித்த பாட்டிலின் அடியில் சிமெண்ட் படிந்திருந்தது.

தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிடலாமா என்று மேஸ்திரிக்குப் போன் செய்தான்.

"ஊத்திக்கினே இருங்கண்ணே. மேடை போச்சுன்னா ஜெனரேட்டரைத் தலையிலயா வெச்சிப்பீங்க?"

மறுநாள் காலை குடத்தைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றான். பின்பக்கம் ஜன்னலே இல்லாத அறையிலிருந்து புனிதா சொன்னாள்:

"இன்னிக்கு ரெண்டு குடம் மட்டும் ஊத்துங்க."