தள்ளாத வயசு

"தள்ளாத வயசு மேடம். நின்ன இடத்துலயே விழுந்துடறார். நாங்களும் தலைமேல வெச்சுத்தான் தாங்கறோம், என்ன பிரயோஜனம்?" என்று அலுத்துக்கொண்ட மகன், அப்பாவின் நெற்றியில் இருந்த தையலைக் காட்டினான். அதற்குள் போன் வரவே வெளியே போனான்.

பிசியோதெரபிஸ்ட் பெரியவரை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். நின்றார். இரண்டு கால்களையும் சேர்த்து, கண்ணை மூடி நிற்கச் சொன்னாள். அப்போதும் ஆடாமல் நின்றார்.

"நல்லாத்தானே நிக்கறீங்க! இப்ப தோள்ல லேசா தள்ளுவேன். விழாம சமாளிங்க, பார்க்கலாம்."

தள்ளினாள். ஒரு காலைப் பின்னால் வைத்துச் சமாளித்துக்கொண்டார்.

"பிரமாதம்ப்பா!"

"இன்னும் கொஞ்சம் பலமா தள்ளும்மா."

பலமாகத் தள்ளினாள். அதையும் தாங்கிக்கொண்டார்.

"இது பத்தாதும்மா. பின்னாலேருந்து தள்ளு. நான் பார்க்காதப்போ தள்ளு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்ப்பா, கூட்டத்துல முண்டியடிச்சு பஸ் ஏறவா போறீங்க? வீட்டுக்குள்ள நடமாட இதுவே தாராளம்."

"அப்பா, முடிஞ்சுதா?" என்று கதவுக்கு வெளியே மகனின் குரல் கேட்டது.

பெரியவரின் கால்கள் முதல் முறையாகத் தடுமாறின. சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தள்ளாத வயசுன்னு அவன் சொன்னது சரிதாம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "அவனுக்குத் தள்ளற வயசு."